இதமான திருத்தங்கள்

நீங்கள் கேள்வியை முடிப்பதற்குள் நான் பதிலைத் தொடங்கிவிட்டால் தவறாக நினைக்காதீர்கள், மேடம். தொழில் தந்த பழக்கம் அது. அடுத்தவர் பேச்சைக் கேட்டு எழுத்தாக்குவதே வேலை என்று ஆகிவிட்டவனுக்கு, எதிரில் இருப்பவர் வாயைத் திறக்கும்போதே வாக்கியத்தின் வால் தெரிந்துவிடுகிறது. அக்கா இதற்காக என்னை நிறையத் திட்டியிருக்கிறாள். "சொல்லி முடிக்கிறவரைக்கும் வாயை மூடிட்டு இருக்கமாட்டியாடா?" என்பாள். நான் வாயை மூடிக்கொள்வேன். மனசுக்குள் முடித்துக்கொள்வேன்.

எங்கள் நிறுவனம் செய்யும் கண்ணாடியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கொஞ்சம் தடித்த சட்டம் போட்ட சாதாரண மூக்குக்கண்ணாடி போலத்தான் இருக்கும். சட்டத்தின் ஓரத்தில் ஒரு குட்டிக் கேமரா, காதில் மாட்டும் கம்பியில் மைக். முதலில் இதை ஊருக்கெல்லாம் வழிகாட்டும் கண்ணாடியாகத்தான் கொண்டுவந்தார்கள். நடக்கும்போது கண்முன்னே அம்புக்குறி தெரியும். அம்பைப் பார்த்துக்கொண்டே போய் விளக்குக் கம்பத்தில் முட்டிக்கொண்டவர்கள்தான் அதிகம். கம்பெனியை இழுத்து மூடிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், காது கேளாதவர்களுக்கு இதைக் கொடுத்தால் என்ன என்று யாருக்கோ தோன்றியது. எதிரில் இருப்பவர் பேசுவது கண்ணாடியின் அடிப்பகுதியில் எழுத்தாக ஓடும். அதிலிருந்துதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

ஆனால் இயந்திரத்துக்குச் செய்தி வாசிப்பவர் பேச்சுதான் புரியும். மனிதர்கள் அப்படியா பேசுகிறார்கள்? பாதியை விழுங்குவார்கள், மீதியை மூக்கால் பேசுவார்கள். "வந்துட்டுப் போறேன்" என்று ஒருவர் சொன்னால் இயந்திரம் "வெந்துட்டுப் போறேன்" என்று எழுதும். அதைச் சரிசெய்யத்தான் திருத்தப் பிரிவு. நான் அதன் பொறுப்பாளர். கண்ணாடி போட்டவர் பார்ப்பதும் கேட்பதும் எங்கள் திரைக்கு வரும். பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவே சில நொடி இடைவெளி வைத்திருந்தோம். அந்த இடைவெளிக்குள் தப்பைத் திருத்தி அனுப்ப வேண்டும். கை வேகமாக இருக்க வேண்டிய வேலை. எனக்குக் கை வேகம்.

சோதனைக்குக் கண்ணாடி போட்டவர்களில் அக்கா முதல் ஆள். அவளை என் கணக்கில் வைத்துக்கொண்டேன். சொந்தக்காரர்களைத் திருத்தக் கூடாது என்று எங்களிடம் விதி எதுவும் இருக்கவில்லை. இப்போது போடுவார்கள் என்று நினைக்கிறேன்.

அக்கா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்பதை அவள் சொல்லித்தான் அந்த நிலையமே கேட்கும். அம்மா அப்பா போன பிறகு அந்தச் சம்பளத்தில்தான் என்னைப் படிக்க வைத்தாள். காது கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, ஒரு கட்டத்தில் முழுக்கப் போய்விட்டது. பேச்சு அப்படியே இருந்தது. ஆனால் தன் குரல் எவ்வளவு சத்தமாகப் போகிறது என்று தெரியாதவளை மைக் முன்னால் உட்கார வைக்க முடியாது என்று, தொலைந்த பொருள்கள் பிரிவுக்கு மாற்றினார்கள். குடை, சாப்பாட்டு டப்பா, ஒற்றைச் செருப்பு, ஒருமுறை யாரோ மறந்துவிட்டுப் போன பல் செட். பொருளைத் தொலைத்துவிட்டு வருகிறவர்கள் நல்ல மனநிலையில் வருவதில்லை. ஒரு சிலேட்டை நீட்டி, "எழுதிக் காட்டுங்க" என்று இவள் சொன்னால் இன்னும் கொதிப்பார்கள்.

அந்த நாள்களில் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளும் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். கண்ணாடி வந்ததும் அதை நிறுத்தச் சொன்னேன். உதட்டையும் பார்த்து எழுத்தையும் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும் என்றேன். அப்போது அது ஒரு தொழில்நுட்ப ஆலோசனை மட்டுமே. அவளும் கேட்டுக்கொண்டாள். என் பேச்சை அவள் தட்டியதே கிடையாது.

முதல் திருத்தம் ஒரு குடை விஷயமாக. ஒருவர் வந்து மேசையைத் தட்டி, "என் குடையை நீங்கதான் திருடியிருப்பீங்க" என்றார். இயந்திரம் அதைப் பிழையில்லாமல் பிடித்துவிட்டது. திருத்த எதுவும் இல்லை. ஆனால் என் திரையில் அக்காவின் கைகள் தெரிந்தன. மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எழுத்து இன்னும் அவளுக்குப் போகவில்லை. ஒரே ஒரு சொல்லை மாற்றினேன். "என் குடையை நீங்கதான் பத்திரமா வச்சிருப்பீங்க."

அக்கா சிரித்துவிட்டாள். "அப்படி நம்பி வந்தீங்கல்ல, அதுவே போதுங்க. உட்காருங்க, தேடித் தரேன்" என்றாள். அந்த மனிதர் மேசையைத் தட்டிய கையை எடுத்துக்கொண்டார். உட்கார்ந்தார். குடை கிடைத்ததும் மன்னிப்புக் கேட்டார். நீங்களே சொல்லுங்கள், இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

அதன் பிறகு கை தானாகப் போனது. "செவிட்டுப் பொம்பளையை எல்லாம் வேலைக்கு வச்சா இப்படித்தான்" என்பது "உங்க வேலை ரொம்பக் கஷ்டம்தான்" ஆனது. "சீக்கிரம் பாரும்மா, உயிரை வாங்காத" என்பது "நிதானமா பாருங்கம்மா" ஆனது. அவள் வீட்டுக்கு வரும் முகமே மாறிவிட்டது. காய் நறுக்கிக்கொண்டே, "மனுஷங்க முன்னைக்கு இப்ப எவ்வளவோ திருந்திட்டாங்கடா" என்பாள். நான் தலையாட்டுவேன். திருத்தியவனுக்கு அது ஒரு பாராட்டுதானே.

என் திருத்தங்களைப் பார்த்துப் பார்த்து இயந்திரமும் கற்றுக்கொண்டது. ஒருநாள் நான் கைவைப்பதற்கு முன்பே ஒரு வசவு கண்ணாடியில் வணக்கமாகப் போனது. நடை பழகும் குழந்தையைப் பார்ப்பதுபோல இருந்தது எனக்கு. எங்கள் மேலாளரிடம் காட்டினேன். எப்போது பார்த்தாலும் யாருக்காவது செயல்விளக்கம் காட்டிக்கொண்டே இருப்பதால் அவருக்கு 'டெமோ' என்று பெயர். டெமோ இரண்டு முறை பார்த்தார்.

"இது தப்பில்லையா?" என்றார்.

"பயன்படுத்துறவங்க சந்தோஷமா இருக்காங்க சார். திருப்தி மதிப்பெண்ல எங்க அக்காதான் முதல்ல இருக்காங்க."

"அப்படின்னா தப்பில்லை" என்றார். அதற்கு 'இதம்' என்று பெயரும் வைத்துவிட்டார். காது நன்றாகக் கேட்பவர்களும் இதை வாங்குவார்கள் என்பது அவர் கணிப்பு. வீட்டில் ஒன்று, அலுவலகத்தில் ஒன்று. மாமியாருக்கு ஒன்று, மருமகளுக்கு ஒன்று. காதில் ஒரு மூடி, கண்ணில் கண்ணாடி, குடும்பம் அமைதி. கேலியாகச் சொல்லவில்லை, மேடம். முன்பதிவு நடந்துகொண்டிருக்கிறது.

இனி மெக்கானிக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நிலையத்தின் நகரும் படிக்கட்டுகளைப் பழுதுபார்ப்பவர் அவர். எல்லாரும் 'கிரீஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். மனைவியை இழந்தவர், அக்கா வயதுதான் இருக்கும். ஒருநாள் கையுறை ஒன்று தொலைந்துவிட்டது என்று வந்தார். கிடைத்தது, வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வாரம் மறுபடி கையுறை. அதற்கடுத்த வாரமும். அவரே நடைமேடை பெஞ்சில் வைத்துவிட்டுப் போகிறார் என்று எனக்குத் தெரியாதா? அக்காவுக்கும் தெரிந்திருந்தது.

"உங்களுக்கு மொத்தம் எத்தனை கைங்க?" என்று கேட்டாள்.

"உங்ககிட்ட வரணும்னா எத்தனை வேணும்னாலும் முளைக்கும்" என்றார்.

நான் "மன்னிச்சுக்கங்க, எனக்கு மறதி" என்று அனுப்பினேன்.

அப்படியும் அவள் சிரித்தாள். பேச்சில் என்ன இருந்தாலும் அவர் முகத்தில் எல்லாம் எழுதியிருந்தது. முகத்தைத் திருத்தும் வசதி எங்களிடம் இல்லை. அடுத்த பதிப்பில் வருகிறது.

அந்த மாதத்தில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா, "இந்தக் கண்ணாடி கறுப்புல மட்டும்தான் வருமாடா? வேற கலர் கிடையாதா?" என்று கேட்டாள். அவள் தனக்கென்று எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. நான் பாதிச் சோற்றில் எழுந்து கைகழுவினேன். மெக்கானிக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். சத்தமாகப் பேசுவார், ஏணியில் நின்று பாட்டுப் பாடுவார், அவ்வளவுதான். ஆனால் அவரோடு போய்விட்டால் இவளுக்கு யார் திருத்துவார்கள்? ஒரு வீடு என்றால் கோபதாபம் இருக்கும். சாப்பாட்டில் உப்பு குறைந்தால் வார்த்தை வரும். நான் இத்தனை நாளாக அவளைச் சுற்றி எழுப்பி வைத்திருந்ததை அந்த மனிதர் ஒரே வாரத்தில் உடைத்துவிடுவார். நல்ல எண்ணத்தோடுதான் உடைப்பார்.

ஒரு மத்தியான நேரம், கவுன்டரில் கூட்டமில்லாதபோது வந்தார். சட்டையை மாற்றிக்கொண்டு, தலைசீவி வந்திருந்தார். நான் தட்டச்சுப் பலகையில் கைவைத்துக் காத்திருந்தேன்.

"உங்க குரலைக் கேட்டுத்தாங்க இத்தனை வருஷம் நான் வேலை பார்த்தேன். கீழ பள்ளத்துக்குள்ள உட்கார்ந்து சங்கிலியை மாட்டிக்கிட்டு இருப்பேன், மேல உங்க குரல் கேட்கும். அது நின்ன பிறகு ஸ்டேஷனே செத்துப்போன மாதிரி இருக்கு. எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது. என்னைக் கட்டிக்க உங்களுக்குச் சம்மதமா?"

இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. எனக்கும் ஒரு கணம் கை ஓடவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. பிறகு எழுதினேன். "எனக்கு வேற ஊருக்கு மாற்றல் ஆயிடுச்சுங்க. நாளைக்குக் கிளம்புறேன். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். இவ்வளவு நாள் உதவி பண்ணதுக்கு நன்றி."

அக்கா எழுத்தைப் படித்து முடிக்கும்வரை அவர் ஒரு கையுறையை முறுக்கிக்கொண்டு நின்றார்.

"அப்படியா, சந்தோஷம்" என்றாள் அக்கா.

அவர் முகம் மலர்ந்ததை நான் திரையில் பார்த்தேன்.

"போயிட்டு வாங்க. எங்க இருந்தாலும் நல்லா இருங்க" என்று முடித்தாள்.

 அவர் கையில் வைத்திருந்த கையுறையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். சில நாள் கழித்து அவராகவே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். ஆக, நான் எழுதியது உண்மையாகவே ஆகிவிட்டது. எங்கள் துறையில் இதைத் துல்லியம் என்போம்.

அக்கா அந்தக் கையுறையை உரியவர் வராத பொருள்கள் அலமாரியில் வைத்தாள். கண்ணாடி நிறத்தைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. இரண்டு மூன்று வாரம் கொஞ்சம் சோர்வாக இருந்தாள். அவளுக்காக இயந்திரத்தின் இதத்தை ஒரு படி கூட்டி வைத்தேன்.

தலைவலி ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். முதலில் கண்ணாடியின் எடையால் என்று நினைத்தோம். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். படம் எடுத்தார்கள். முடிவைக் கேட்கப் போன அன்று அக்கா நாற்காலியில், நான் அவளுக்குச் சற்றுப் பின்னால். போன் என் மடியில் இருந்தது. அதிலிருந்தும் திருத்தலாம். டாக்டர் தன் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு பேசும் பழக்கமுள்ளவர். அது எனக்கு வசதியாக இருந்தது.

"ரெண்டு பக்கமும் காதுக்கும் மூளைக்கும் நடுவுல கட்டி இருக்கும்மா. உங்க காது போனதுக்கும் இதுதான் காரணமா இருக்கலாம். புற்று கிடையாது, பயப்பட வேண்டாம். ஆனா உடனே எடுத்தாகணும். எடுக்கும்போதே உள்ள ஒரு கருவி வச்சா, ஒரு பக்கமாவது ஓரளவுக்குக் கேட்க வாய்ப்பிருக்கு" என்றார்.

நான் எழுதினேன். "நரம்புத் தளர்ச்சிதாம்மா. வேலை அதிகம், ஓய்வு போதலை. பயப்பட வேண்டாம். மாத்திரை எழுதித் தரேன்."

"பயப்பட வேண்டாம்" என்பதை அப்படியே விட்டிருக்கிறேன், கவனியுங்கள். அது அவர் சொன்னதுதான்.

அக்கா, "இந்தத் தலைசுத்தல் எப்ப நிக்கும் டாக்டர்?" என்று கேட்டாள்.

"தானா நிக்காதும்மா. அதைத்தான் சொல்றேன். கட்டி வளர வளரக் கூடத்தான் செய்யும். தள்ளிப்போட்டா உயிருக்கே ஆபத்து."

"கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சிடும்மா. அவசரமே இல்லை."

அக்கா பெருமூச்சு விட்டாள். "ரொம்ப நன்றிங்க டாக்டர். ஏதோ பெரிசா சொல்லிடுவீங்களோன்னு பயந்துகிட்டே வந்தேன்" என்று சிரித்தாள். டாக்டர் அப்போதுதான் திரையிலிருந்து தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். வாசலில் என்னிடம் மெதுவாக, "உங்க அக்கா மாதிரி தைரியசாலியை நான் பார்த்ததில்லை" என்றார். வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றேன். பிறகு மருத்துவமனையிலிருந்து போன் வரும்போதெல்லாம் அக்கா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லி வைத்தேன்.

ஏன் என்றுதானே கேட்கப்போகிறீர்கள்? பாருங்கள், மறுபடியும் உங்கள் வாக்கியத்தை நானே முடித்துவிட்டேன்.

அவள் பயந்துவிடக் கூடாது என்பது ஒன்று. புதிய பதிப்பின் அறிமுக விழா நெருங்கிக்கொண்டிருந்தது, அவள்தான் மேடையேறிப் பேசுவதாக இருந்தது, அது இன்னொன்று. விழா முடிந்ததும் நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். காது கேட்கும் வாய்ப்பைப் பற்றி நீங்கள் காலையில் குறிப்பாகக் கேட்டீர்கள். அது ஒரு பெரிய காரணமில்லை. கேட்டிருந்தால்தான் என்ன கேட்டிருப்பாள்? அந்தக் கவுன்டர் வரிசையை. முன்னால் படித்ததையும் இனிமேல் கேட்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். இத்தனை வயதுக்குமேல் ஒருத்தி உலகத்தை மறுபடி முதலிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டுமா? என்மேல் கோபப்படுவாளே என்ற பயமெல்லாம் எனக்கு இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

விழாவில் அவள் பேசியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூச்சம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். பழைய அறிவிப்பாளர் குரல், பிசிறு தட்டவில்லை. "காது இருந்தவரைக்கும் எனக்கு மனுஷங்களைப் பார்த்தா பயமா இருக்கும். காது போன பிறகுதான் அவங்க எவ்வளவு நல்லவங்கன்னு தெரிஞ்சுகிட்டேன். எல்லாரும் என்கிட்ட அன்பா பேசுறாங்க" என்றாள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. டெமோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். முன்பதிவு அன்றைக்குத்தான் தொடங்கியது.

சொல்லலாம் சொல்லலாம் என்று இருந்தேன். நல்ல மனநிலையில் இருக்கிறாள், கெடுப்பானேன் என்று தள்ளிக்கொண்டே போனது. விழா நடந்த அதே மாதத்தில், யாருக்கோ ஒரு பையைத் தேடி எடுத்துக்கொண்டு திரும்பும்போது அலமாரிக்கு முன்னால் விழுந்தாள். பையைக் கேட்டு வந்த பெண்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். நான் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது முடிந்துவிட்டது. அதே டாக்டர் வெளியே வந்தார். "அவ்வளவு தெளிவா சொன்னேனே. சிரிச்சுகிட்டே நன்றி சொல்லிட்டுப் போனாங்களே. ஏன் வரலை? ஏன் வரலை?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் கண்ணாடி ஒரு தட்டில் இருந்தது. அவர் கேட்கக் கேட்க, அதில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதை எடுத்துத் தன் கண்ணில் வைத்துப் பார்த்தார். 'நீங்க உங்களால முடிஞ்சதைச் செஞ்சீங்க' என்று அதில் ஓடியிருக்கிறது. அதுதான் அவரைப் புகாரோடு உங்கள் காவல் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தது.

நேற்று டெமோ என்னைப் பார்க்க வந்திருந்தார். பக்கத்தில் ஒரு வக்கீல். "இயந்திரம் எழுதிடுச்சுன்னு சொல்லிடு. இதம் தானா கத்துக்கிட்டது, நமக்கே தெரியாதுன்னு சொல்லிடு. மென்பொருள் கோளாறுன்னு முடிச்சிடலாம். உனக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது" என்றார். நல்ல மனிதர். எனக்காகத்தான் சொன்னார்.

ஆனால் அது பொய், மேடம். அவள் போன பிறகு தட்டிலிருந்த கண்ணாடியில் ஓடியது இயந்திரம் எழுதியது, அது வேறு. டாக்டர் அறையில் ஓடியது ஒரு வரிகூட அது எழுதியதில்லை. அதற்கு அப்படி எழுதவும் வராது. வசவையும் கோபத்தையும் மாற்றத்தான் அதைப் பழக்கியிருந்தேன். அந்த டாக்டர் அன்று மிகவும் கனிவாகப் பேசினார். கனிவான பேச்சை இயந்திரம் தொடாது. நான் போனைத் தொடாமல் சும்மா இருந்திருந்தால் ஒவ்வொரு சொல்லும் அப்படியே அவளுக்குப் போயிருக்கும். அடுத்த வாரமே கட்டியை எடுத்திருப்பார்கள். என் வேலையின் பெயரை ஒரு மென்பொருளுக்கு விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. நரம்புத் தளர்ச்சி என்று எழுதியது நான். அவசரமே இல்லை என்று எழுதியது நான். அக்கா செத்தது அந்த வரிகளால்தான் என்று நீங்கள் சொன்னால், சட்டப்படி அது சரியாகத்தான் இருக்கும். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து சேர்த்துக்கொள்ளுங்கள். நான் அவளிடம் பேசியதும் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் போனது. அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றியதில்லை, பதிவுகள் இருக்கின்றன, எடுத்துப் பார்க்கலாம். மாற்றல் ஆகிவிட்டது என்று மெக்கானிக் சொன்னார். நரம்புத் தளர்ச்சி என்று டாக்டர் சொன்னார். வரிசையில் நின்றவர்கள் என்னென்னவோ சொன்னார்கள். நான் என் அக்காவிடம் இந்த நிமிடம்வரை ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.